நாலு அங்குல இடைவெளி

சரக்கு லாரி ஒன்று ஹாரனை அழுத்தியபடி மரக்காணம் வளைவைக் கடந்தது. புதிதாகக் கட்டிய பரிசோதனை அறைக்குள், கிராம நர்ஸ் சூர்யகலாவின் கையிலிருந்த ஒலி மீட்டரில் எண் ஐம்பத்தொன்றைத் தொட்டு இறங்கியது.

"முப்பத்தஞ்சு தாண்டக் கூடாது சங்கீதா. பதினோரு மணிக்கு ஆபீசர் வந்துடுவாரு."

மணி ஒன்பதரை. அறை அமைதியாக இல்லாவிட்டால், கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் கருவி திண்டிவனத்துக்குப் போய்விடும். குப்பத்துத் தாய்மார்கள் அதைத் தேடி அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்பது, வீடுவீடாக ஏறி இறங்கிய சூர்யகலாவுக்குத் தெரியும்.

அறையை வடிவமைத்தவள் சங்கீதா. சாலைப் பக்கம் ஜன்னலே கிடையாது. வெளியே ஒரு செங்கல் சுவர், நாலு அங்குல இடைவெளி, உள்ளே இன்னொரு சுவர். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் சாலையின் அதிர்வு தாவி உள்ளே வந்துவிடும்.

சங்கீதா உள்சுவரைத் தட்டிப் பார்த்தாள். காலிப் பெட்டிபோல் ஒலிக்க வேண்டியது, மூட்டையைத் தட்டியதுபோல் தொம்மென்றது. அடிச் செங்கல் வியர்த்திருந்தது. ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

"ஐயா, உள்ள என்ன போட்டீங்க?"

கட்டடத்துக்கும் பின்னாலிருந்த உப்பளத்துக்கும் சொந்தக்காரர் கலியபெருமாள். "உப்புதாம்மா. சும்மா காலியா கெடக்குதேன்னு மேலேர்ந்து கொட்டிட்டேன். நம்ம உப்புக் குவியலுக்குப் பின்னால நின்னு பாரு, ரோட்டுல பஸ் போறதே தெரியாது."

"யாரக் கேட்டு கொட்டினீங்க?"

"என் உப்பு, என் செவுரு. யாரக் கேக்கணும்?"

வாசலில் நின்ற உப்பளத் தொழிலாளி பாஞ்சாலை சிரித்தாள். "மொதலாளி வூட்டையே ஊறுகா போட்டுட்டாரு!"

சங்கீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு செவுத்தையும் சேர்த்து ஒட்ட வச்சிட்டீங்க. ரெண்டு மழைக்கு செங்கல்லும் பொடியாயிடும். ஆபீசர் வர இன்னும் ஒன்னரை மணி நேரந்தான் இருக்குது."

கலியபெருமாள் சுவரைப் பார்த்தார். பிறகு உப்பளத்தை நோக்கிக் கத்தினார்: "டேய், கடப்பாரை எடுத்துட்டு வாங்கடா!"

வெளிச்சுவரில் அடிக்கற்களைப் பெயர்த்ததும் உப்பு அருவியாய்க் கொட்டியது. பாதியில் நின்றுவிட்டது. மேலே ஈரத்தில் கட்டிதட்டியிருந்தது. பாஞ்சாலை ஏணியில் ஏறி நீளக் கம்பியால் குத்தினாள். மணி பத்து இருபது. பத்தரை. கட்டிகள் உடைந்து விழுந்தன. கொத்தனார் கற்களை ஈரச் சிமெண்டில் திரும்பப் பதித்தார்.

"இந்த உப்ப என்னங்க செய்யறது?" என்றாள் பாஞ்சாலை.

"ரோட்டோரமா குவிங்க. ரெடியா இருக்கற மூட்டையையும் எடுத்தாந்து மதில் மாதிரி அடுக்குங்க." கலியபெருமாள் சங்கீதாவைப் பார்க்காமலே சொன்னார். "நான் சொன்னது பொய்யில்லம்மா. எடந்தான் தப்பு."

வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "அடுக்குங்க. செவுத்துமேல படக்கூடாது."

கடைசி மூட்டை ஏறும்போது ஜீப் வந்து நின்றது.

அதிகாரி அறைக்குள் மீட்டரை வைத்துவிட்டுக் காத்திருந்தார். இருபத்தெட்டு. தூரத்தில் ஒரு பஸ் வந்தது. முப்பது. முப்பத்திரண்டு. ஹாரன் அலறியது, உள்ளே அது கடலுக்கடியிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. முப்பத்துநான்கு.

எண் அங்கேயே நின்றது. சங்கீதா மூச்சை அடக்கினாள். முப்பத்தொன்று. இருபத்தொன்பது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். சூர்யகலா கைபேசியோடு வெளியே ஓடினாள். "அக்கா, நாளைக்கே பாப்பாவ தூக்கிட்டு வாங்க."

கலியபெருமாள் விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். டம் டம் என்றது.

"காலியா கெடக்குது" என்றார் மெதுவாக.

"கெடக்கட்டும் ஐயா."