கட்டைவிரலுக்கு நாலு கிலோ

என் மனைவி ரோசம்மாளின் வலது கட்டைவிரல் காலையில் எழுந்தால் நீளாது. இடது கையால் பிடித்து இழுத்துவிட வேண்டும். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தத்தில்தான் விழிப்பே.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. லாரி பிரேக் குழாயில் மாட்டுகிற பித்தளை ஜாயின்ட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பூட்டி, பொத்தானை அழுத்தி, நாற்பது கிலோ அழுத்தத்தில் காற்றை உள்ளே விட வேண்டும். குமிழி வந்தால் அது கழிவு. வராவிட்டால் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைத்துப் பெட்டியில் போட வேண்டும். மஞ்சள் அவளுடைய நிறம், பக்கத்து பெஞ்சுக்காரிக்குப் பச்சை. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரம் பீஸ்.

டாக்டர் விரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். காண்ட்ராக்டில் இருப்பவளின் விரலுக்கு ஓய்வு என்றால் மொத்த ஆளுக்கும் ஓய்வுதான். அவருக்கு அது எங்கே தெரியப் போகிறது? மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

நான் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் டர்னர். பெயர் தாவீது. அந்தப் பொத்தானைச் செய்தவன்மேல்தான் எனக்கு ஆத்திரம். உள்ளே காற்று வருகிற ஓட்டை ஆறு மில்லி. அதை மூடியிருக்கும் தண்டைக் காற்று பின்னாலிருந்து நெட்டிக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்துத்தான் விரல் அழுத்த வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு கிலோ வந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை, ஒரு பொம்பளையின் கட்டைவிரலில் பதினோரு கிலோ.

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தண்டின் மறுமுனையையும் அதே ஆறு மில்லிக்குக் கடைந்து, அதே காற்றை அந்தப் பக்கமிருந்தும் தள்ளவிட்டால் போதும். இரண்டு பக்கமும் சம பலத்தில் இழுத்தால் கயிறு நகராது இல்லையா, அதுபோலத்தான். விரலுக்கு மிச்சம் ஒரு சின்ன ஸ்பிரிங் மட்டும்.

கோயில் முடிந்து வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் உட்கார்ந்தேன். முதலில் கடைந்த தண்டு ஒழுகியது. இரண்டாவதில் பிசிறு கிழித்து ரப்பர் வளையம் போனது. மூன்றாவது ஒழுகாமல் நின்றது. அவள் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்க்கும் அந்தோணி எங்கள் சபைக்காரன். பழைய பொத்தானின் மூடியை மேலே போட்டு, யாருக்கும் தெரியாமல் மாட்டிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"யோவ், காலிங் பெல்லு மாதிரி அமுங்குதுய்யா."

அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. பத்து நாளுக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. சூப்பர்வைசர்கள், இன்ஜினியர்கள் என்று எவனைப் பார்த்தாலும் இளப்பமாக இருந்தது.

பதினோராம் நாள் அவள் வந்து, சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்தாள். கஸ்டமரிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்திருக்கிறது. பதினோரு பீஸ் ஒழுகுகிறது, பதினொன்றிலும் மஞ்சள் பொட்டு. சூப்பர்வைசர் அன்புசெல்வன், எங்களைவிடப் பத்து வயது சின்னவன், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான்.

"அக்கா, லாரிக்குப் போறதுக்கு முன்னாடி புட்சிட்டாங்க, தப்பிச்சோம். இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா உன்ன நிறுத்திடுவாங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா ரோசா, நீ பாக்கலியா?"

"குமிழி வரல. வந்தா உட்டுடுவனா?"

உட்கார்ந்து யோசித்தோம். மத்தியானத்தில் அடுத்த ஷெட்டில் பெரிய மிஷினை ஓட்டினால் காற்று இறங்கிவிடும். இருபது, இருபத்தைந்துக்குப் போய்விடும். அந்தக் காற்றில் சின்ன ஒழுகல் குமிழி விடாது. பெஞ்சில் இருக்கிற மீட்டரின் முள்ளோ, இரண்டு வருஷமாக நாற்பதிலேயே செத்துக் கிடக்கிறது.

"அப்போ இத்தினி நாளு எப்டி கண்டுபுட்ச?"

அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"காத்து எறங்குனா பட்டன் லேசாவும். கை தானா நின்னுடும். ஏறுனதும் மறுபடி ஆரம்பிப்பேன். இத நான் நெனச்சிகூட பாத்ததில்ல. இப்போ எந்நேரமும் ஒரே மாதிரி அமுங்குது."

வலியை எடுக்கிறேன் என்று அவளுடைய மீட்டரையும் சேர்த்துக் கழற்றிப் போட்டிருக்கிறேன். ஒழுங்காகச் செய்ததுதான் நான் செய்த தப்பு. எங்கள் வீடு எளாவூர் செக்போஸ்ட் பக்கம். வாசலில் நின்றால் லாரிதான் கண்ணில் படும். அன்று நான் வாசலுக்கே போகவில்லை.

"புது மீட்டரு நானே வாங்கித் தரேன். அந்தோணிய உட்டு மாட்டிக்கலாம்."

"கண்ணு தண்ணியில இருக்கணும்யா. மீட்டர எப்போ பாப்பேன்? இருபது செகண்டுக்கு ஒரு பீஸு."

"அப்போ பழசையே மாட்டிடச் சொல்லட்டா?"

அவள் வலது கட்டைவிரலை இடது கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நாளில் வீக்கம் பாதி வடிந்திருந்தது.

"முழுசா எடுக்காம, கொஞ்சம் வெச்சி செய்ய முடியாதா?" என்றாள்.

முடியும். மறுமுனையைக் கொஞ்சம் மெலிதாகக் கடைந்தால் காற்றின் நெட்டு அந்த வித்தியாசத்துக்கு மிச்சமிருக்கும். ஒரு மில்லி குறைத்தால் மூன்றரைக் கிலோ.

"எவ்ளோ வெக்கட்டும்?" என்று கேட்டேன். கட்டின பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது? வெட்கமாக இருந்தது.

மீன் விற்கிற குணசுந்தரி பக்கத்து வீடு. அவளிடம் எலக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். ரோசம்மாள் தட்டில் கட்டைவிரலை ஊன்றினாள். எண் ஏறியது.

இரண்டு கிலோ. "இது சும்மா. இதுல காத்து எறங்குனா எனக்குத் தெரியாது."

மூன்று வந்தபோது கண்ணோரம் சுருங்கியது. அவள் எடுக்கவில்லை. நாலில் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே பிடித்தாள்.

"இது. இதுலேர்ந்து கொறஞ்சா கைக்குத் தெரியும்."

"மூணு போதும் ரோசா."

"மூணு வெச்சா உனக்கு நிம்மதி. எனக்கு வேல பூடும்."

தராசைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையில் தண்டை லேத்தில் பூட்டினேன். நாலு கிலோவில் ஸ்பிரிங்குக்கு அரைக் கிலோ போக, மிச்சத்துக்கு ஒரு மில்லி. ஆறை ஐந்தாக்க வேண்டும். ஐந்து புள்ளி மூன்றில் மிஷினை நிறுத்தினேன். இப்படியே விட்டால் மூன்று கிலோதான். அவளுக்குத் தெரியாது. தெரியாதது அவளுக்கா, அவள் விரலுக்கா என்று யோசித்தேன். விரலுக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று.

மறுபடி ஓட்டினேன். சீவல் மஞ்சளாகச் சுருண்டு விழுந்தது.

கழற்றி அளந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"நாலுதானே?"

மூன்று என்று குறைத்துச் சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அளவு சுத்தமாக ஐந்து மில்லியில் நின்றது.

"நாலுதான்" என்றேன்.