அமிர்தநாதரின் மணிக்கட்டில் ஒரு வட்டம்

“அப்ப, அப்பான்ர கையில உள்ள உந்த வட்டம் எங்கயிருந்து வந்தது? கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்.”

“வயசு போன தோல் மச்சாள். அப்பிடித்தான் இருக்கும்.”

“எனக்கும் கண் தெரியும். அப்பான்ர கோட்டு எடுக்க வரேக்க உங்கட எலியைப் பாத்தனான். காதடியில மயிரில்லை. மூக்கெல்லாம் செதில். அந்த வருத்தம்தான் அப்பாவைக் கொண்டுபோட்டுது.”

“அக்கா, மெதுவாக் கதை. டொக்டர் ஹார்ட் எண்டுதானே சொன்னவர்,” என்றான் கிளிபோட்.

“நீ சும்மா இரு. உன்ர மனிசி சொல்லட்டும்.”

சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் பேர்ணடெற், அந்தப் பக்கம் தம்பி கிளிபோட்டின் மனைவி வேரோனிக்கா. நடுவில் அமிர்தநாதர் கோட்டும் ரையுமாக, வாழ்ந்த காலத்தைப் போலவே எந்தக் கட்சியிலும் சேராமல், கண்ணை மூடிக் கிடந்தார். மண்டபக் கதவு திறக்கிற நேரம். வெக்ஸ்போர்ட்டிலிருந்து புறநகர் மார்க்கம் வரையுள்ள கோயில் பங்குச் சனம் வெளியே நின்றது. அதில் பாதி அழ வந்தது, மீதி பார்க்க வந்தது.

வேரோனிக்கா செபமாலையை மாமனாரின் இடது மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். மணிகளுக்கு இடையால் அந்த வட்டம் அப்படியே தெரிந்தது. ஓரம் தடித்துச் செதிலாக, நடு வெளிறி, மிருக வைத்தியர் படத்தில் காட்டிய அதே வட்டம்.

அவளுக்கு எல்லாம் தெரியும். மகள் ஷரோன் வளர்க்கும் எலிக்கு, பீனட் என்ற கினிபிக்குக்கு, காதோரம் மயிர் கொட்டத் தொடங்கியதும், துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியவளே அவள்தான். படர்தாமரை என்றார் வைத்தியர். தொட்டால் மனிதருக்கும் ஒட்டும், கையுறை போட்டுக் குளிப்பாட்டுங்கள், வயதானவர்களிடம் கொடுக்காதீர்கள் என்றார். கந்தக மருந்துத் தண்ணீரில் பீனட்டைத் தோய்த்தெடுத்த நாளெல்லாம் வீடு கூழ்முட்டையாய் நாறியது. கேட்டவர்களுக்கு சிங்க் அடைத்துவிட்டது என்றாள். கையுறை போட்ட அவளுடைய கைக்கு ஒட்டவில்லை. ஷரோனின் முதுகில் ஒரு வட்டம் வந்தபோது இரகசியமாக மருந்து பூசினாள். அந்த ரியூப் இப்போதும் அவள் கைப்பையில் கிடந்தது.

அப்படி மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அவளுடைய ரோல்ஸைத் தின்னாதவர்கள். பங்கில் முதல்நன்மை என்றாலும் பிறந்தநாள் என்றாலும் சிற்றுண்டி, ரோல்ஸும் பற்றிஸும், வேரோனிக்காவின் கையால்தான் வரும். அந்தக் கை உள்ள வீட்டில் தோல் வருத்தம் என்று ஒரு வாய் திறந்தால் போதும், அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். அதனால், மாமனார் மத்தியானங்களில் பீனட்டை மடியில் வைத்துக் கொத்தமல்லித் தண்டு தீற்றுவதை அவள் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இப்போது அவர் பெட்டிக்குள் கிடந்தார். இருதயம்தான் என்று ஆஸ்பத்திரி சொன்னதை அவளால் முழுதாக நம்ப முடியவில்லை.

கதவு திறந்தது. சனம் வரிசையாக வந்து, குனிந்து, மடித்து வைத்த கையில் முத்தமிட்டது. ஒவ்வொருவர் குனியும்போதும் வேரோனிக்கா அந்த வட்டத்தையே பார்த்தாள். சானிற்றைசர் போத்தலோடு பெட்டியின் கால்மாட்டில் நின்று, வந்தவர் கையிலெல்லாம் பீச்சினாள்.

“கொரோனா போய் எவ்வளவு காலம் பிள்ளை,” என்றார் றொபேட் அங்கிள், கையைத் தேய்த்துக்கொண்டே. “அமிர்தம் அண்ணைக்கு ஒட்டுற வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?”

“இல்லை அங்கிள். சும்மா ஒரு சுத்தத்துக்கு.”

அங்கிள் நம்பினமாதிரித் தெரியவில்லை. போய்த் தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்தக் காது பேர்ணடெற்றின் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் அன்ரனெற் அன்ரி வந்தார். கோயில் பாடகர் குழுவின் பழைய குரல், கணவனை இழந்தவர், முதியோர் மாடிக் கட்டடத்தில் தனியாக இருப்பவர். அமிர்தநாதரின் மனைவி உயிரோடு இருந்த காலத்தில், யார் தனியாகப் பாடுவது என்பதில் இரண்டு பேருக்கும் முறுகல். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அன்ரி மிதித்ததில்லை. ஆடி வெயிலில் முழுக்கைச் சட்டையோடு வந்தவர் முத்தமிடவும் இல்லை, அழவும் இல்லை. வெறுமனே நின்றார். நின்றபடியே வலது முழங்கை மடிப்பைச் சட்டைக்கு மேலால் சொறிந்தார்.

ஷரோனும் அப்படித்தான் சொறிவாள், நகத்தால் இல்லாமல் விரல் நுனியால், யாரும் பார்க்கிறார்களோ என்ற பயத்தோடு. வேரோனிக்கா போத்தலை மகளிடம் கொடுத்துவிட்டு அன்ரியைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அன்ரி, கையை ஒருக்காக் காட்டுங்கோ.”

“அது வேர்க்குரு பிள்ளை. வெயிலுக்கு.”

“காட்டுங்கோ.”

சட்டையை மேலே இழுத்தார். முழங்கை மடிப்புக்குள் அதே வட்டம்.

வேரோனிக்காவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பீனட்டைத் தொட்டே இராத கை இது. மாமனார் இளைப்புக்காரர், கட்டிலிலிருந்து குசினிக்கு வருவதற்கே சுவரைப் பிடிப்பவர். ஆனால் காலைப் பூசை முடிந்து ‘கொஞ்சம் நடந்திட்டு வாறன்’ என்று போனால் நெடுநேரம் நடந்து, களைக்காமல் வீடு வருவார். யாருடைய முழங்கைக்குள்ளாவது மணிக்கட்டைக் கொடுத்துச் சாய்ந்து நடந்திருந்தால், அவருடைய வட்டம் சரியாக இங்கேதான் பட்டிருக்கும்.

“டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?”

“எங்கயிருந்து வந்தது எண்டு கேப்பினம். நான் என்னத்தைச் சொல்லுறது?”

வேரோனிக்கா ரியூப்பை எடுத்துக் கொடுத்தாள். “காலமையும் பின்னேரமும் பூசுங்கோ. மாறினாப் பிறகும் கொஞ்ச நாள் விடாமப் பூசோணும்.”

“முழுக்க மாறிப்போகுமோ?”

“ஓம் அன்ரி. அடையாளமே இருக்காது.”

அன்ரி அந்த வட்டத்தின் ஓரத்தை விரலால் ஒருதரம் சுற்றி வந்தார். மூடியைத் திறக்காமல் ரியூப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு பேர்ணடெற் வந்தாள். பின்னால் றொபேட் அங்கிளின் மனைவியும் வேறு இரண்டு பெண்களும். பேர்ணடெற்றின் கண் முதலில் ரியூப்பிலும் பிறகு அந்தக் கையிலும் விழுந்தது.

“அதே வட்டம்,” என்றாள். “எங்கட வீட்டுப் பக்கமே வராத உங்களுக்கு உது எப்பிடி வந்தது?”

அன்ரி சட்டைக் கையைக் கீழே இழுத்தார். பேர்ணடெற் தகப்பன் கிடந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அந்த முழங்கையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு மூச்சு விட்டால் முழுதும் விளங்கிவிடும்.

வேரோனிக்கா அன்ரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“என்னில இருந்துதான் மச்சாள்,” என்றாள். “எலிக்குப் படர்தாமரை. நான்தான் மறைச்சனான். என்ர கையிலயும் இருந்தது. பங்குத் திருநாளில அன்ரிக்கு ரோல்ஸ் தட்டுக் குடுக்கேக்க பட்டிருக்கும்.”

யாரோ தண்ணீர்க் குழாயை அவசரமாகத் திறந்தார்கள்.

“அந்தக் கையாலயோ ரோல்ஸ் சுத்தினனீர்?”

“ஓம் மச்சாள்.”

அமிர்தநாதரை அடக்கம் செய்ய முன்னரே செய்தி மார்க்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் நினைவுக்குச் சாப்பாடு கடையில் எடுத்தார்கள். வேரோனிக்காவிடம் ஓடர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் திடீரென்று கொலஸ்ரோல் வந்தது. பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில், அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் தூர நின்றே கும்பிட்டார்கள். பீனட்டுக்குக் காதோரம் புது மயிர் முளைத்ததை வந்து பார்க்க ஒருவரும் இல்லை.

பேர்ணடெற் தன் வீட்டை விற்றுவிட்டு ஸ்ரௌவ்வில்லில் இன்னும் பெரிய வீட்டுக்குப் போனாள். அவளுடைய மகள் ஸ்டெபனி அங்கேயே ஒரு பல் வைத்தியரைக் கலியாணம் கட்டினாள். ரோல்ஸ் பரிமாறாத கலியாணம் என்று சனம் இன்றைக்கும் சொல்லும். அன்ரனெற் அன்ரியை மகன் கல்கரிக்கு வரச்சொன்னான். அந்த வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு முன் வந்த ஞாயிறு அவருடைய கடைசிப் பூசை. சமாதானம் சொல்லும் நேரம் அவர் பாடகர் குழுவை விட்டிறங்கி, கோயில் நடுவால் நடந்து வந்து, எல்லாரும் பார்த்திருக்க வேரோனிக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். குருவானவர் காத்து நின்றார். பிறகு, அன்ரியின் குரல் இல்லாமலே அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.