ரீற்றா அனுப்பிய படங்கள்

எமிலியானுஸ் சிரித்துக்கொண்டிருந்தார். காலை ஆறு மணி. வேலைக்குப் போகும் உடுப்போடு குசினி மேசையில் இருந்து, தேத்தண்ணியை ஆறவிட்டு, கைபேசியைப் பார்த்துத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் காலை வேளையில் அவர் சிரித்து அக்னெஸ் கண்டதில்லை. மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த நாளிலிருந்தே அளந்து பேசுகிற மனிதர். சென்ட் லோரன்டில், விமானத்துக்கு உதிரிகள் செய்யும் தொழிற்சாலையில், கடைந்து வரும் துண்டுகளில் கீறல் வெடிப்பு உண்டா என்று பார்த்து முத்திரை குத்துவது அவருடைய வேலை. வீட்டிலும் அதே மாதிரித்தான். பார்ப்பார், தலையாட்டுவார், போய்விடுவார்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை. கார்ச் சாமான் விக்கிற ஆள். பகிடி விடுது."

'விடுது' என்றார். ஆணா பெண்ணா என்று பிடிபடாத சொல்லாகப் பார்த்துப் போட்டிருக்கிறார் என்பது அக்னெஸுக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் உறைத்தது.

அவர்களுடைய கார் சுவீடனில் செய்தது. வயது இருபத்திரண்டு. அதற்கு இங்கே சாமான் கிடைப்பதில்லை. லவாலில் இருக்கும் மகள் ஷெரோன்தான், வெளிநாட்டில் பழைய கார்களைக் கழற்றி விற்கிற கடைகளை இணையத்தில் தேடித் தகப்பனுக்குக் காட்டிக் கொடுத்தாள். போலந்திலிருந்து ஒரு பக்கக் கண்ணாடி வந்தது. பிறகு லித்துவேனியாவில் கவுனாஸ் என்ற ஊரிலிருந்து ஒரு கதவுப் பிடி, ஒரு விளக்கு. தை மாதம் பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. கராஜ்காரன் திறந்து பார்த்துவிட்டு, பிரேக்கைக் கட்டுப்படுத்தும் சின்னக் கொம்பியூட்டர்ப் பெட்டி செத்துப்போயிற்று, புதிது இப்போது செய்வதில்லை, பழையது கிடைத்தாலும் இலக்கம் ஒன்றாய் இருந்தால்தான் வேலை செய்யும் என்று கையை விரித்தான். அதே இலக்கப் பெட்டி கவுனாஸ் கடையில் இருந்தது.

அடுத்த நாள் அவர் குளிக்கப் போன நேரம் மேசையில் கிடந்த கைபேசி ஒளிர்ந்தது. ஒரு படம். கறுப்புப் பெட்டியைத் தாங்கிப் பிடித்த ஒரு கை. நகங்களுக்குச் சிவப்புப் பூச்சு, ஓரமெல்லாம் கிறீஸ் அழுக்கு. கீழே ஆங்கிலத்தில்: "காலை வணக்கம் எமில்! உங்களுக்காக நானே துடைத்தேன்."

எமில்! அக்னெஸ் அவரை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சருங்கோ" தான். இவள் யார், அந்தப் பேரைப் பாதியாக நறுக்கி, செல்லம் கொஞ்சுகிறவள்?

அக்னெஸ் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டறியில் சமையல் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு முப்பது பிள்ளைகளுக்குச் சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, இடைவேளையில் தன் கைபேசியில் அந்தக் கடையைத் தேடிப் பிடித்தாள். மஞ்சள் தலைமயிரை உயர்த்திக் கட்டிய ஒரு பெண், இயந்திரக் குவியலின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாற்பது இருக்கலாம். பேர் ரீற்றா. முடியாத காரியத்தை முடித்துத் தரும் புனிதையின் பேர். அக்னெஸ் எத்தனை வருடம் அந்தப் புனிதைக்கு மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள்!

பிறகு தனக்கு அவர் கடைசியாக அனுப்பியவற்றை எடுத்துப் பார்த்தாள். "வாறன்." "பாண் வேணுமோ?" "ஓம்." அவ்வளவுதான். அந்தக் கவுனாஸ்காரிக்கு மட்டும் இரண்டு விரலால் தட்டித் தட்டி, தேத்தண்ணி ஆறும்வரை எழுதுகிறார்.

பின்னேரம் ஷெரோனுக்கு அழைத்தாள்.

"கொப்பர் ஆரோ ஒருத்தியோடை கதைக்கிறார்."

ஷெரோன் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அவ பிரேக் விக்கிற மனிசி!"

"பிரேக் விக்கிறதுக்கு ஏன் பல்லைக் காட்டோணும்?"

சனிக்கிழமை எமிலியானுஸ் உடுப்புத் தோய்க்கக் கீழ்த்தளத்துக்குப் போனார். கைபேசி சார்ஜில் கிடந்தது. அக்னெஸ் அதை எடுத்தாள். மேலே போய் வாசிக்க நேரமில்லை; கடைசி வரி மட்டும் கண்ணில் பட்டது. "திங்கட்கிழமை பெட்டியை அனுப்புகிறேன். இரவு நித்திரை கொண்டீர்களா, எமில்?"

அவளுடைய காது இரண்டும் சுட்டன. பக்கத்தில் படுக்கிற தான் கேட்காத கேள்வியை, கடலுக்கு அப்பால் நின்று ஒருத்தி கேட்கிறாள். கடையில் பேசுகிற ஆங்கிலத்தைக் கூட்டிப் பொறுக்கி எழுதினாள்: "எனக்குப் பெட்டி வேண்டாம். அனுப்ப வேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்."

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "சரி. மன்னிக்கவும்." அக்னெஸ் இரண்டையும் அழித்தாள். பிறகு போய், தேவையே இல்லாமல் நாலு வெங்காயம் வெட்டினாள்.

அந்தக் கிழமை முழுவதும் எமிலியானுஸ் காலையில் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை, பெட்டிக்கான ஓடர் நிறுத்தப்பட்டதாக அந்தக் கடையின் இணையத்தளத்திலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது.

"ஏனெண்டு கேட்டு எழுதலாமே?" என்றாள் அக்னெஸ், பாத்திரம் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"வேண்டாம். என்ரை அலட்டலைக் கேட்டு அலுத்துப் போச்சாக்கும்."

அவர் குரலில் இருந்த வெட்கம் அவளைக் குத்தியது. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், 'நல்லது' என்றும் இருந்தது.

காரை வெண்பனி மூடியது. அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார். மாசி நடுவில் ஒருநாள் உள்ளங்கை உரிந்து, காற்சட்டை முழங்காலில் கிழிந்து வந்து நின்றார். பஸ்ஸால் இறங்கும்போது நடைபாதை விளிம்பு தெரியவில்லையாம்.

"பட்டப்பகலிலை விளிம்பு தெரியாதோ? கண்ணை எங்கை வைச்சுக்கொண்டு நடக்கிறியள்?" என்று காயத்தைத் துடைத்தபடி ஏசினாள். அவர் கையை இழுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

அவளுக்கு வேறு சந்தேகம். வேறு வழியால் ரீற்றாவுக்கு எழுதுகிறாரோ? அடுத்த நாள் அவர் குளிக்கும்போது மறுபடி கைபேசியை எடுத்தாள். புதிதாக எதுவும் இல்லை. இந்த முறை மேலே மேலே தள்ளி, கார்த்திகை மாதத்துக்கே போய், முதலிலிருந்து வாசித்தாள்.

"படத்தில் இலக்கம் சிறிதாக இருக்கிறது. பெரிதாக எடுத்து அனுப்ப முடியுமா? என் இடது கண் சரியில்லை."

ரீற்றா அந்த விளக்கின்மேல் இலக்கத்தைச் சோக்கட்டியால் பெரிதாக எழுதி, படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "கண்ணுக்கு என்ன?" என்றும் கேட்டிருந்தாள்.

அதற்கு எமிலியானுஸ் எழுதியது கைபேசித் திரைக்குள் அடங்கவில்லை. குளோகோமா என்று டொக்டர் சொன்னார். அந்தச் சொல் அக்னெஸுக்குத் தெரியும். கோயிலில் பக்கத்து வாங்கில் இருக்கும் பிலோமினம்மாவின் ஒரு கண்ணைக் கொண்டுபோன நோய். அதன் கீழே அவர் எழுதியிருந்தார்: காலை ஐந்தரைக்கும் இரவு ஒன்பதுக்கும் சொட்டு மருந்து. விட்டால் எரிகிறது, நித்திரை வருவதில்லை. என் வேலையே கண்ணால் செய்யும் வேலை. தொழிற்சாலைக்குச் சொல்லப் பயமாக இருக்கிறது. மனைவிக்கு இன்னும் தெரியாது.

"என் அப்பாவுக்கும் இதுதான். மருந்தை விடாதீர்கள். மனைவிக்குச் சொல்லுங்கள்," என்று ரீற்றா எழுதியிருந்தாள்.

"நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு சொல்கிறேன்."

"நத்தார் முடிந்துவிட்டது, எமில்." அதற்குக் கீழே ஒரு சிரிக்கும் முகம். அன்றைக்குக் காலையில் அவர் சிரித்தது இதற்குத்தான்.

அக்னெஸ் கதிரையில் இருந்துவிட்டாள். பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, இரட்டிப்பாகக் கிளம்பியது. அந்தச் சிவப்பு நகக்காரியோடு அவர் கொஞ்சிக் குலாவியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் போலிருந்தது. தன் கண் இருளுகிற கதையையல்லவா போய் அவளிடம் சொல்லியிருக்கிறார்! ஒரே கூரையின் கீழே, ஒரே போர்வைக்குள், அக்னெஸுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"சொட்டு மருந்தை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

அவர் கைபேசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சொக்ஸ் லாச்சிக்கை," என்று படுக்கையறை இழுப்பறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அவளுக்குச் சொன்னியள். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவவுக்குச் சொன்னால் அவ அழமாட்டா. நீர் அழுவீர். பேந்து நானும் அழுவன்."

அக்னெஸ் அப்போதே அழத் தொடங்கியிருந்தாள். "பெட்டி வேண்டாமெண்டு எழுதினது நான்தான். உங்கடை பேராலை. எரிச்சலிலை எழுதினனான்."

எமிலியானுஸ் கத்தவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அவள் ஜன்னலால் பார்த்தாள். எங்கேயும் ஓடமுடியாத அந்தக் காரின் மேலிருந்த பனியை, ஒரு மணித்தியாலமாக, கூரை, கண்ணாடி, சக்கரம் என்று ஒரு துளி மிச்சமில்லாமல் வழித்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவள் ரீற்றாவுக்கு எழுதினாள். தான் யார், தான் செய்தது என்ன என்பதை ஒளிக்காமல் எழுதினாள்.

பதிலில் கோபம் இல்லை. "அந்தப் பெட்டியைப் போர்த்துகலில் ஒருவர் வாங்கிவிட்டார். வேறு தேடுகிறேன். அக்னெஸ், அவர் இரவு மருந்தை மறப்பார். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

கடைசி வரி மிளகாய் பட்டது போல இருந்தது. என்றாலும் அன்றிரவு ஒன்பதுக்கு அக்னெஸ் சீசாவோடு போய் நின்றாள். மூன்று நாளாக அவர் அவளோடு பேசவில்லை. கண்ணை மட்டும் திறந்து காட்டினார். நாலாம் நாள், "கை நடுங்காமல் விடும்," என்றார். பேச்சு அப்படித்தான் திரும்பியது.

பங்குனி முதல் கிழமை டவுன்டவுனில் கண் டொக்டரிடம் போக வேண்டியிருந்தது. அக்னெஸ் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனாள். அழுத்தம் குறைந்திருக்கிறது, தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் தருகிறேன், அங்கே வேறு பிரிவு கேட்டுப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். கண்மணியை விரிக்க மருந்து விட்டிருந்ததால் வெளியே வந்தபோது அவருக்கு எல்லாம் மங்கல். மெட்றோ நிலையத்து வாங்கில் இருந்தபோது அவர் சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது.

"ஆரெண்டு பாரும்."

"உங்கடை ஆள்தான்," என்றாள் அக்னெஸ். "பெட்டி கிடைச்சிட்டுதாம். படமும் இருக்கு."

"நம்பரை வாசியும்."

அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாய் வைத்திருந்ததோடு ஒப்பிட்டார். "அதுதான்! உடனை எழுதும். 'அன்புள்ள ரீற்றா' எண்டு தொடங்கும். 'உங்களைப் போல ஒரு சிநேகிதி கிடைச்சது என்ரை அதிர்ஷ்டம்' எண்டும் போடும். பெட்டியை அனுப்பச் சொல்லும்."

அக்னெஸ் எழுதினாள்: "ரீற்றா, இலக்கம் சரி. பெட்டியை அனுப்பவும். நன்றி."

"எழுதியாச்சோ?"

"ஓம்."

"நான் சொன்னது எல்லாத்தையுமோ?"

"முக்கியமானது எல்லாம் எழுதியாச்சு," என்று சொல்லி, கைபேசியைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ரயில் வந்தது. அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.