ஏணியில் நின்ற லென்

லென் இறந்து நாலு மாதமாகியும் ஊரில் அவர் பேச்சு ஓயவில்லை. பாதிக் காரணம் அவரேதான்.

போன கோடையில் ஹ்யூ பென்ரோஸ் என்ற ஓவியர் கல்லறைத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர்த் தேவாலயத்தை நீர்வண்ணத்தில் தீட்டினார். அன்றைக்கு லென் ஏணியேறி, கூரையோரத் தகரக் குழாயில் அடைத்திருந்த சருகுகளை வாரிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் அவர் மனைவி மேவிஸ் டீ போட வீட்டுக்குப் போய்விட்டாள். லென் நேராக ஓவியரிடம் போய், "என்னையும் போட்டீங்களா?" என்று கேட்டார். ஓவியர் தலையைத் தூக்காமல் "ம்" என்றார்.

அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு மதுக்கடையில் மனுஷர் அடித்த தம்பட்டம் இருக்கிறதே, அப்பப்பா! பீர் ஊற்றுகிறவனுக்குக் காதே புளித்துப்போனது.

இப்போது அந்தப் படங்கள் அதே தேவாலயத்துக்குள் கண்காட்சியாக வந்திருந்தன. மேவிஸ் நல்ல நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். டீ மேசையிலிருந்த பெரில் கூவினாள்.

"வாடி, வா! உன் வீட்டுக்காரர் நடுச்சுவர்ல இருக்கார். நாங்க யாரும் இன்னும் கிட்டப் போகல. நீதான் முதல்ல பார்க்கணும்."

மேவிஸ் பார்த்தாள். கருங்கல் பதித்த சுவர் இருந்தது. கோபுரம் இருந்தது. கோபுரத்து உச்சியில் ஒரு காக்காய்கூட இருந்தது. லென் இல்லை.

"எங்கய்யா என் புருஷன்?"

பக்கத்தில் நின்ற ஓவியரின் காது சிவந்துவிட்டது. "நான் கட்டிடம் மட்டும்தான் வரைவேன்மா. கார், குப்பைத்தொட்டி, ஆளுங்க எல்லாத்தையும் விட்டுடுவேன்."

"குப்பைத்தொட்டியும் அவரும் ஒண்ணா? இந்தக் கூரை ஒழுகாம நின்னதே அவராலதான்யா! காக்காய மட்டும் போடத் தெரிஞ்சுதோ?" அவள் குரல் உடைந்தது. "படத்துல இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போனாரு. செத்தவரைப் பொய்யனாக்கிட்டீங்களே."

ஹ்யூ கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்துக்கு மிக அருகில் குனிந்தார்.

"இங்க வாங்கம்மா. அவரையும் முதல்ல பென்சில்ல போட்டுட்டேன். அப்புறம் வேணாம்னு மேலயே சாயத்தை ஓட்டிட்டேன். சாயத்துக்கு அடியில போன பென்சில் அழியாது. தெரியுதா?"

மேவிஸ் மூக்கு சட்டத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். கல்லின் நிறத்துக்குள் மயிரிழை மாதிரி இரண்டு கோடுகள், இடையில் படிகள்.

"அவரை வெளிய கொண்டுவர முடியுமா?"

"ஈரத் தூரிகையால சாயத்தைக் கரைச்சு, துணியால ஒத்தி எடுத்தா உள்ள வெள்ளைக் காகிதம் வரும். ஆனா ஒரு இடம் தப்பினாலும் சுவரெல்லாம் திட்டாயிடும்." அவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். "நான் போட்டதிலேயே நல்ல படம் இதுதான்."

பிறகு பெரிலிடம் கேக் வெட்டும் கத்தியை வாங்கிச் சட்டத்தின் முதுகைப் பிரித்தார். தன் பையிலிருந்து தூரிகையும் சாயப்பெட்டியும், பூச்சாடியிலிருந்து தண்ணீரும் எடுத்துக்கொண்டார். படி படியாக ஏணி வெளியே வந்தது. சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். ஏணியில் வளைந்த முதுகு வந்தது, நீட்டிய கை வந்தது.

"தொப்பி சிவப்பு," என்றாள் மேவிஸ். "நான் தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லியும் கேக்காம போட்டுக்கிட்ட தொப்பி."

அவர் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். அவ்வளவுதான், லென் வந்துவிட்டார். பெரில் கைதட்டவே ஆரம்பித்துவிட்டாள். ஆனால் தூரிகை நிற்காமல் ஏணியின் அடிக்கு இறங்கியது.

"அதான் முடிஞ்சுதே! அங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள் பெரில்.

"கீழ இன்னொருத்தர் இருந்தாங்க. வாய் ஓயவே இல்ல, மேல பார்த்துத் திட்டிக்கிட்டே இருந்தாங்க."

ஏணியை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, அண்ணாந்து வாயைத் திறந்த ஓர் உருவம் மெல்ல வெளுத்து வந்தது.

"இது யாருடி, இவ்வளவு குண்டா?" என்றாள் பெரில்.

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நான்தாண்டி. பின்ன ஏணிய யாரு புடிச்சிருந்தான்னு நெனச்ச?"