கையெழுத்துக்கு மேலே உள்ள இடம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம். நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம், அதன் ஊராட்சி அலுவலகம். குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று பெயர். மாவட்ட அலுவலகத்திலிருந்து களப்பணியாளராக நான் போவேன்.

பத்து நிமிடம் பேசுவோம். டீ, வடை வரும். பிறகு உறுப்பினர்கள் தீர்மானப் புத்தகத்தில் புதுப் பக்கத்தைத் திருப்பி, அடியில் கையெழுத்துப் போடுவார்கள். மேலே காலியாக இருக்கும். திரும்பும் பேருந்தில் நான் அதை நிரப்புவேன். 'இந்தக் காலாண்டில் குழந்தைகள் தொடர்பாகப் புகார் எதுவும் வரவில்லை.' நான்கு வருடம், பதினாறு கூட்டம், ஒரே வாக்கியம். எழுதியது என் கை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைப்பு வந்தது. பேசியவர் உர லாரி ஓட்டுநர். அந்தக் கிராமத்தில், வயலோரத்து மோட்டார் கொட்டகையில் ஒரு பெண் குழந்தையை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்றார். பெயர் சொல்லாமல் வைத்துவிட்டார்.

நானும் ஒரு பெண் காவலரும் போனோம். பூட்டை உடைத்தோம்.

செம்மொழி. பத்து வயது. எடை பதினெட்டு கிலோ. பெற்றோர் இல்லை. சித்தப்பா இராஜாங்கம் வீட்டில் இருக்கிறாள். இரண்டு தொடையிலும் தழும்புகள்.

"யார் அடிச்சாங்க?"

"விழுந்துட்டேன்."

"யார் பூட்டுனாங்க?"

"நானேதான்."

பூட்டு வெளிப்பக்கம் கிடந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

திருவாரூர் இல்லத்தில் அவளைச் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை மாவட்டக் குழந்தைகள் நலக்குழு முன் விசாரணை. மருத்துவர், 'பழைய காயங்கள், காரணம் தெரியவில்லை' என்று எழுதினார். ஓட்டுநரின் எண் அணைந்து கிடந்தது. இராஜாங்கம் மனு கொடுத்திருந்தார்: வயலில் அறுப்பு மெஷின் ஓடியது, குழந்தை குறுக்கே வந்துவிடுவாள் என்று அன்று ஒருநாள் மட்டும் பூட்டினேன், என் அண்ணன் மகளை என்னிடமே தர வேண்டும்.

நலக்குழுத் தலைவி என்னைக் கூப்பிட்டார். "ஊர்ல ஒருத்தராவது வந்து சொல்லணும் நஃபீசா. இல்லேன்னா எதை வச்சு நான் மறுக்கிறது? அனுப்பத்தான் வேணும்."

புதன்கிழமை கூட்டம். மூன்று பேர் வந்தார்கள். ஊராட்சித் தலைவர் ரெத்தினம். மளிகைக்கடை ஜாஃபர் சாதிக். அங்கன்வாடிப் பணியாளர் அம்சம்.

"இராஜாங்கம் நல்ல மனுஷன்மா," என்றார் ரெத்தினம். "அண்ணன் புள்ளைக்குச் சோறு போட்டு வச்சிருக்காரு. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

"பதினெட்டு கிலோ சார்."

"ஒல்லி வாகு. அவ அப்பனும் அப்படித்தான்."

"தலைவரு வீட்டுல ஒரு வாரம் விட்டாப் போதும்," என்று ஜாஃபர் சாதிக் தலைவரின் வயிற்றைக் காட்டினார். "தானா ஊதிடும்."

சிரித்தார்கள். தலைவர்தான் அதிகம் சிரித்தார்.

"பாய், நீங்க பார்த்ததே இல்லையா?"

"நாலு மா கதிர் சாஞ்சு கிடக்குதும்மா. ரேடியோல மழை வரும்ங்கிறான். நான் எதைப் பார்க்க?"

அந்தப் பக்கத்து மூன்று கிராமங்களுக்கும் அறுப்பு மெஷின் வைத்திருப்பவர் இராஜாங்கம் ஒருவர்தான். யார் வயலில் முதலில் இறங்கும், யார் வயலில் மழைக்குப் பிறகு இறங்கும் என்பதை அவர் முடிவு செய்வார். ரெத்தினத்துக்கு ஒன்றரை வேலி நிலம். அம்சத்தின் கணவர் மெஷின் ஓட்டுபவர்.

"கொட்டகை உங்க அங்கன்வாடிக்குப் பின்னாலதானே இருக்கு?" என்று அம்சத்திடம் கேட்டேன்.

"இருக்கிற புள்ளைங்களப் பார்க்கவே நேரம் சரியாப் போகுது மேடம்."

ரெத்தினம் புத்தகத்தை இழுத்து, பக்கத்தைத் திருப்பி, அடியில் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள்.

"வழக்கம்போல எழுதிக்குங்க," என்றார். "வடை எடுத்துக்கலையே நீங்க."

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தகத்தை மடியில் விரித்தேன்.

எனக்கும் ஒரு காலத்தில் பத்து வயது இருந்தது. முத்துப்பேட்டையில், அப்பாவின் அண்ணனான பெரியத்தா வீட்டில். அந்தச் சந்தில் பதினோரு வீடுகள். நான் கத்தினால் பதினோரு வீட்டுக்கும் கேட்கும். அடித்தவர் செத்துவிட்டார், அவரோடு கணக்கு முடிந்தது. அந்தப் பதினோரு வீட்டுக்காரர்களின் பெயரும் எனக்கு இன்னும் வரிசையாகத் தெரியும். பெருநாளைக்கு அவர்கள் வட்டிலப்பம் கொடுத்து அனுப்புவார்கள்.

எழுதினேன். 'சிறுமி செம்மொழியை அவரது சித்தப்பா இராஜாங்கம் தொடர்ந்து அடிப்பதையும், பட்டினி போடுவதையும், மோட்டார் கொட்டகையில் பூட்டி வைப்பதையும் இக்குழுவின் உறுப்பினர்கள் அறிவார்கள். சிறுமியை அவ்வீட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. உறுப்பினர்கள் நேரில் வந்து சாட்சி சொல்வார்கள்.'

கடைசி வரி கையெழுத்துகளுக்குச் சரியாக ஒரு விரல் மேலே முடிந்தது.

வியாழன் காலை நலக்குழுவில் கொடுத்தேன். மதியம் மூவருக்கும் அழைப்புப் போயிற்று. மூன்று மணிக்கு ரெத்தினம் போன் செய்தார்.

"என்னம்மா எழுதி வச்சிருக்க?"

இதுவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

"நீங்க கையெழுத்துப் போட்டதைத்தான் சார்."

"நான் போட்டப்ப அதுல ஒண்ணுமே இல்ல!"

"வந்து அதைச் சொல்லுங்க. ஒண்ணுமில்லாத பக்கத்துல போட்டேன்னு சொல்லுங்க. பதினாறு கூட்டத்துக்கும் அப்படித்தான் போட்டேன்னு சொல்லுங்க. எனக்கு வேலை போகும். உங்களைக் கலெக்டர் கூப்பிடுவாரு. ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

"மெஷின் இறங்காதும்மா. தெரியுமா உனக்கு?"

"அரிவாள் இருக்கும்ல வீட்டுல? இறங்கி அறுங்க."

வைத்துவிட்டேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை இராஜாங்கம் வெள்ளை வேட்டியில் வந்தார். புதுப் பாவாடை சட்டை ஒரு பையில். ஊர்க்காரர்கள் மூவரையும் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். தனக்காக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

விசாரணை நடக்கும்போது குழந்தையை வேறு அறையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் நான் செம்மொழியை அதே அறையில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்தேன். ஊர் அவளுக்காகப் பேசுவதை அவள் கேட்கட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர்கள் கூசிப்போவதை அவள் கேட்க வேண்டும்.

தலைவி பக்கத்தைக் காட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

ரெத்தினம் என்னைப் பார்த்தார். இராஜாங்கத்தைப் பார்த்தார். என் வேலை, செம்மொழி, எல்லாம் அந்த வாயில் இருந்தது.

"ஆமாங்க."

"எழுதியிருக்கிறது உண்மையா?"

"உண்மைதாங்க."

"தலைவரே!" என்றார் இராஜாங்கம்.

அடுத்து ஜாஃபர் சாதிக். ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் அவருக்கு. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"கடைக்கு வரும். அரிசி மூட்டையில கைய விட்டு, பச்சையா வாயில போட்டுக்கிட்டு ஓடும். நான் கணக்கா அந்த நேரம் திரும்பிக்குவேன். பார்த்தா விரட்டணும். இல்லாட்டிக் கேக்கணும், ஏன் பாப்பா பசிக்குதான்னு."

"எத்தனை நாளா பாய்?" நான் கேட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. தலைவி தடுக்கவில்லை.

"ரெண்டு வருஷம்."

"எழுதிக்குங்க," என்றேன் எழுத்தரிடம். "ரெண்டு வருஷம்."

இராஜாங்கம் எழுந்தார். "ஜாஃபரு, உன் நாலு மாவும் அழுகிப் போயிடும், பார்த்துக்க!"

"அதையும் எழுதிக்குங்க," என்றார் தலைவி.

கடைசியாக அம்சம். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "கொட்டகையிலேர்ந்து அழுகைச் சத்தம் வரும் மேடம். எங்க புள்ளைங்க பயந்துக்கும். அதனால டேப்புல யானைப் பாட்டைச் சத்தமா வச்சிடுவேன்."

"தினமுமா?"

"அழுவுறப்பல்லாம்."

அவர் முகம் நான் விரும்பிய மாதிரியே ஆயிற்று.

ஒரு மணிக்குள் உத்தரவு வந்தது. செம்மொழி திரும்பிப் போகமாட்டாள். இராஜாங்கம் மீது வழக்குப் பதியக் காவல்துறைக்குக் கடிதம். அவரைக் கூட்டிப் போக இரண்டு காவலர்கள் வந்தார்கள். புதுத்துணிப் பையை நாற்காலியிலேயே விட்டுப் போனார்.

தடுப்புக்குப் பின்னால் போனேன். செம்மொழி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அவங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"முன்னாடியேவா?"

பொய் சொல்லியிருக்கலாம். "முன்னாடியேதான்."

"அந்த யானைப் பாட்டு. நான் அழுதா உடனே வரும். டீச்சர் எனக்காக வைக்கிறாங்கன்னு நெனச்சேன்."

இல்லத்து வண்டி வந்தது. அவளை ஏற்றிவிட்டேன். கையசைக்கவில்லை.

வாசலில் ரெத்தினமும் ஜாஃபர் சாதிக்கும் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார்கள். அம்சம் தனியாகப் படியோரம் நின்றார். என்னைக் கண்டதும், "புள்ள நல்லாருக்கா மேடம்?" என்றார். மனதாரத்தான் கேட்டார்.

செம்மொழி சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவரிடம் சொன்னேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். இரண்டாம் முறை மெதுவாக.

அம்சம் படியில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் ஆட்டோவிலிருந்து கூப்பிட்டார். எழுந்திருக்கவில்லை. நான் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.