தடிப் புத்தகத்துக்குப் பின்னால்

கண்ணாடிக்கடையில் பகலெல்லாம் ஊரார் கண்ணுக்குப் பவர் பார்ப்பவள் அவள். வீட்டுக்கு வந்தபின் தபால் வழியில் இயற்பியல் முதுகலை படித்தாள். மற்றப் பாடங்களெல்லாம் கரையேறிவிட்டன. துகள் இயற்பியல் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாம் முறையும் போனால் பட்டம் கிடையாது.

எந்தப் புத்தகம் நல்லது என்று கொழுந்தனிடம்தான் கேட்டிருந்தாள். அவர் கல்லூரிப் பேராசிரியர். தலையணை கனத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதுக்கு மேல புத்தகமே கிடையாது அண்ணி" என்றார். முதல் பக்கமே 'வாசகருக்கு உயர்கணிதம் அத்துப்படி என்று கொள்வோம்' என்றது. ஐந்தாம் பக்கம், 'இதை எளிதில் நிறுவலாம். வாசகரிடமே விட்டுவிடுகிறோம்' என்றது.

"என்கிட்ட விட்டா நான் யார்கிட்ட விடறது?" என்று அவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள். பிறகு தன் மண்டைதான் மந்தம் என்று நம்பிவிட்டாள். அதுதான் கண்ணுகளா, இதில் பெரிய அநியாயம்.

படிப்பை விட்டுவிடுவது என்று தீர்மானித்து, ஒரு ஞாயிறன்று கொழுந்தன் வீட்டுக்குப் புத்தகத்தைத் திருப்பித் தரப் போனாள். அவர் அலமாரியில் வைத்தால் அது உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது. பின்னால் ஏதோ இடித்தது. கையை விட்டு இழுத்தாள்.

அட்டை கிழிந்த ஒல்லிப் புத்தகம். 'இரண்டு எலெக்ட்ரான்கள் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்?' என்று ஆரம்பித்து, ஒரு படிகூடத் தாவாமல் கணக்கைக் கையைப் பிடித்து நடத்திப் போனது. ஓரத்தில் பென்சிலில் கொழுந்தனின் கோழிக் கிறுக்கல்: 'அப்பாடா, புரிஞ்சுது!'

"தம்பி, நீங்க எதுல படிச்சீங்க?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அது... ஆரம்பத்துல..."

"அந்தத் தடியனைப் படிச்சீங்களா?"

"முழுசா யாருமே படிச்சதில்ல அண்ணி. எங்க சாரும் அதைத்தான் படிக்கச் சொன்னார். இந்தச் சின்னதைச் சொன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. "நாலு பேர் நினைப்புக்கு நான் ரெண்டு தடவை ஃபெயிலாகணுமா? நீ ஏறின ஏணியை ஒளிச்சு வச்சிட்டு, எங்களைச் சுவரேறச் சொல்லுவியா? எத்தனை பிள்ளைங்க தன்னை மக்குன்னு நினைச்சு அழுதுட்டுப் போயிருக்கும்!"

மரியாதை எப்போது கழன்று விழுந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"எடுத்துட்டுப் போங்க அண்ணி. வெளியில மட்டும் சொல்லாதீங்க."

"நாளைக்கே சொல்லுவேன். கூடப் படிக்கிற அத்தனை பேருக்கும் சொல்லுவேன்."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து பக்கம் புரட்டினாள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் வரிகள் உள்ளே போயின. ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள்.

"இங்க 'ஒண்ணும் புரியல'ன்னு எழுதியிருக்கியே, அப்புறம் எப்படிப் புரிஞ்சுது?"

"அது பெரிய கதை."

"உக்காரு. சொல்லு."