முப்பத்தெட்டாவது ஆள்

மருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பின் இரண்டாம் தெருவில் முப்பத்தேழு பேருக்கு விரல் நகம் நீலமாகிவிட்டது. வலியில்லை, அரிப்பில்லை, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை, அவ்வளவுதான். முதலில் நீலமானவள் மூன்றாம் தொட்டியைக் கவனித்துக்கொள்பவள். அந்தத் தொட்டியில் மண்ணிலிருந்து எடுத்த கிருமிகளை வளர்த்து மருந்து எடுத்தார்கள். மருந்து சுரக்கத் தொடங்கியதைக் காட்டும் மீட்டர் எப்போதும் அரைநாள் தாமதம் என்பதால், தொட்டிக்காரர்கள் மூடியைத் திறந்து மூக்கை விட்டுப் பார்ப்பார்கள். மழை விழுந்த மண்ணின் வாசனை வந்தால் சரி. விதிப்படி தப்புதான், மேலாளர் கண்டும் காணாமல் இருந்தார். பதினொரு வருடம் அப்படி மூச்சிழுத்ததில் அவளுக்குள் ஏதோ குடியேறி, அவளிடமிருந்து தெருவுக்குப் பரவியது.

தொழிற்சாலை ஆய்வகத்தின் மூக்குக்கண்ணாடி போட்ட ஆராய்ச்சியாளர் அவள் நகங்களைத் தொடாமலே பார்த்தார். "இந்தக் கிருமிங்க ஒவ்வொண்ணும் ஒரு சமிக்ஞைப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே விட்டுக்கிட்டே இருக்கும்மா. அது போதுமான அளவு சேர்ந்ததும், நாம நிறையப் பேர் ஆயிட்டோம்னு தெரிஞ்சு எல்லாம் ஒண்ணா மருந்து சுரக்கும். பக்கத்துல இருக்கிற மத்த உயிரெல்லாம் செத்துடும். அதுங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது."

"எங்க தெருவுல எத்தனை பேர் சேரணும் சார்?"

"அதுக்கு என்கிட்ட மீட்டர் இல்ல."

அன்றிலிருந்து அவள் நீலமானவர்களை எண்ணத் தொடங்கினாள். முப்பத்தைந்தாவது ஆள் நீலமான அன்று எறும்புகள் வரிசையாகத் தெருவை விட்டு வெளியேறின. முப்பத்தேழில், வெளியே வைத்த பால் மூன்று நாளாகியும் கெடவில்லை. தெருவில் நீலமாகாமல் மிச்சமிருந்தது லாரி ஓட்டும் அவள் கணவன் ஒருவன்தான். பாதி நாள் ரோட்டிலேயே கழிப்பவன். எங்கேயாவது போய்விடச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "லாரியிலயே குடித்தனம் பண்ணவா?" என்று சிரித்தான். வியாழக்கிழமை மதியம் டீ குடிக்கும்போது அவனுக்கு இருமல் பிடித்தது. டம்ளர் விளிம்பில் ரத்தம் ஒட்டியிருந்தது.

தெரு சுரக்கத் தொடங்கிவிட்டது, நீலமாகாத அவனைத்தான் அது முதலில் கொல்லும். அவனை நீலமாக்கினால் பிழைப்பான். ஆனால் கணக்கில் ஓர் ஆள் கூடும், சுரப்பது சுவரையும் தாண்டிவிடலாம். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருவில், தங்கை இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். முதலில் அவளுக்குத்தான் போன் செய்தாள்.

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பு. உங்க தெருவையும் கிளப்பு. ஏன்னு கேக்காத."

எதற்கும் ஏன் என்று கேட்கிற தங்கை அன்றைக்குக் கேட்கவில்லை. அடுத்த தெருவின் கடைசி வண்டியும் போகும்வரை இவள் கணவனின் இருமலை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, அவன் கைகளை இறுகப் பிடித்து முகத்தில் மூச்சை விட்டாள். அவன் நகங்கள் நீலமாயின. இருமல் நின்றது. கொளுத்தும் வெயிலில் தெரு முழுக்க மழை வாசனை எழுந்தது. சுவரின் பாசி வெளுத்து உதிர்ந்தது.

மூன்று வருடமாயிற்று. அந்தத் தெருவில் யாருக்கும் காய்ச்சல்கூட வருவதில்லை. தபாலைத் தெருமுனைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை பிள்ளைகளோடு வந்து, தரையில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் நிற்கிறாள். சின்னவன் "பெரியம்மா" என்று கையை நீட்டுவான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடக்கிறது என்று விசாரிப்பாள்.